பத்து மாதத்து மெய்யியல் ஆசிரியர்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த சிற்றூர் அமராவதிபுதூர். செம்மண் நிலம், கோடையில் வறண்டு, மழைக்காலத்தில் ஊருணிகளால் உயிர் பிழைக்கும் சீமை. ஓர் ஆடி மாத மாலையில் அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நாம் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். மெய்யியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்டமும் பெற்றவர். வெளியூர்க் கல்லூரி ஒன்றின் நேர்காணலுக்குச் சென்று திரும்பியிருந்தார்.

“வேலை கிடைத்துவிட்டதா, தம்பி?” என்று கேட்டோம்.

“கிடைத்திருக்கிறது, ஐயா. ஏப்ரல் வரை கிடைத்திருக்கிறது” என்றார்.

கையிலிருந்த ஆணையை நம்மிடம் நீட்டினார். நியமனம் முற்றிலும் தற்காலிகமானது, ஊதியம் நடத்தும் வகுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, விடுமுறை மாதங்களுக்கு ஊதியம் இல்லை, முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படலாம், பின்னாளில் நிரந்தரப் பணி கோரும் உரிமை இல்லை. ஒரே தாளில் இத்தனை ‘இல்லை’கள். அந்த இளைஞர் அளவையியலையும் அறவியலையும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். நீதி என்றால் என்ன என்று பிளேட்டோ எழுப்பிய வினாவை வகுப்பறையில் எழுப்ப வேண்டும். அந்த ஆணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எழுப்ப வேண்டும்.

அவர் பேருந்தேறிச் சென்ற பின்னும் அந்தத் தாள் நம் நினைவை விட்டு அகலவில்லை. மெய்யறிவைக் கற்பிப்பவருக்குச் சோறிடுவது யார் பொறுப்பு? இந்த வினா இன்று பிறந்ததன்று. நம் மண்ணிலும் நம் திருச்சபையிலும் தொன்றுதொட்டுக் கேட்கப்பட்டு வந்த வினா இது. முன்னோர் இதற்கு என்ன விடை கண்டனர் என்று சற்றே திரும்பிப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும்.

*

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அங்கு நடந்த கல்லூரியில் இளநிலை மாணவர் 270 பேரும் முதுநிலை மாணவர் 70 பேரும் கற்றனர் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. வேதமும் இலக்கணமும் மட்டுமல்லாமல் மீமாம்சையும் வேதாந்தமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அதாவது, இன்று நாம் மெய்யியல் என்று அழைக்கும் துறைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் சிற்றூரில் ஆசிரியர் இருந்தனர். அவர்களுக்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என்று அளந்து குறிக்கப்பட்டிருந்தது, பொன்னும் வழங்கப்பட்டது. இவை அனைத்திற்கும் முதலாக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

புதுச்சேரியை அடுத்த திருபுவனையில் 1048-ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டு உண்டு. அங்கு மாணவர் 260 பேர், ஆசிரியர் 12 பேர், நிலம் 72 வேலி. கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்றும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர் என்பது அதில் காணப்படும் சிறப்பான செய்தி. ஊர் அவர்களுக்கு நெல் அளந்ததோடு நில்லாமல் நேரத்தையும் அளித்தது. சிந்திப்பவனுக்குச் சோறு எவ்வளவு தேவையோ, ஓய்வும் அவ்வளவு தேவை என்பதை அவ்வூர்ச் சபையார் உணர்ந்திருந்தனர்.

இக்கல்லூரிகளை நாம் மிகைப்படுத்திப் போற்ற வேண்டியதில்லை. அங்கு இடம் பெற்றவர் ஒரு வகுப்பார் மட்டுமே. நிலத்தை உழுது அந்நெல்லை விளைவித்தவரின் பிள்ளைகளுக்கு அக்கல்விக்கூடத்தின் வாயில் திறக்கவில்லை. அக்குறையை மறைப்பது வரலாறாகாது. ஆயினும் ஆசிரியரைப் பேணிய முறையில் ஓர் உறுதி இருந்தது. நிலம் முதல், விளைச்சல் ஊதியம். ஆசிரியர் ஒருவர் மறைந்தாலும் அடுத்தவருக்கு அந்நிலம் சோறிடும்.

இந்த மரபு ஆறு நூற்றாண்டுகள் கழிந்தும் மறையவில்லை என்பதற்கு நம் திருச்சபையின் மறைப்பணியாளர் ஒருவரே சான்று தருகிறார். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று நம் மக்களால் அழைக்கப்பட்டவர். அவர் 1610-இல் எழுதிய கடிதத்தில் மதுரை மாநகரில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பல ஆசிரியரிடம் பிரிந்து கற்றதாகக் குறிப்பிடுகிறார். எண்ணிக்கை சற்று மிகையாக இருக்கக்கூடும். ஆனால் அதனினும் முக்கியமானது அவர் சேர்த்துக் கூறும் மற்றொரு செய்தி. பொருட்கவலை கல்வியைக் கெடுக்காதபடி, விசயநகர வேந்தரும் மதுரை நாயக்கரும் ஆசிரியர், மாணவர் ஆகிய இரு சாராரின் வாழ்க்கைக்கும் மானியம் ஏற்படுத்தியிருந்தனர் என்கிறார் அவர். உரோமையில் இறையியல் கற்றுத் தேர்ந்த அத்துறவியின் கண்ணுக்கு இது வியப்பாகப்பட்டது. எழுதி அனுப்பத் தக்க செய்தியாகப்பட்டது.

தத்துவ போதகரின் வாழ்விலேயே இன்னொரு பாடமும் உண்டு. அவரது மறைப்பணி முறை குறித்து எதிர்ப்புகள் எழுந்தன. ஆண்டுக்கணக்கில் விசாரணை நீடித்தது. 1623 சனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணையே அவருக்கு ஆதரவாக அவ்வழக்கை முடித்துவைத்தது. அந்த நெடிய காலத்தில் அவர் சிந்தித்தார், தமிழிலும் வடமொழியிலும் கற்றார், வாதிட்டார், எழுதினார். புதிய வினாவை எழுப்புகிறவருக்கு எதிர்ப்பு வருவது இயல்பு. அவ்வெதிர்ப்பைத் தாங்கி நிற்கக் காலடியில் நிலம் வேண்டும். அவருக்கு அந்நிலமாக நின்றது அவர் சார்ந்த சபை.

*

இனி மேலை நாட்டுத் திருச்சபையின் வரலாற்றுக்குச் செல்வோம். 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு வாழ்வூதிய மானியம் அளிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அவ்வாசிரியர் ஆலயக் குருக்களுக்கும் ஏழை மாணவருக்கும் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் உரிமம் வழங்குவதற்கு எவரும் பணம் பெறலாகாது. அறிவு இறைவனின் கொடை. கொடையாகப் பெற்றதை விற்றல் தகாது என்பது அக்காலத்துத் திருச்சபைச் சட்ட வல்லுநரின் கொள்கை.

இச்சட்டத்தின் நுட்பத்தை நோக்குங்கள். அறிவை விற்கக் கூடாது என்று சொன்ன திருச்சபை, ஆகவே ஆசிரியர் பட்டினி கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. ஏழை மாணவன் கட்டணம் செலுத்தாமல் கற்க வேண்டுமானால் ஆசிரியரின் உணவுக்கு வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்பைப் பேராலயமே ஏற்கட்டும் என்று விதித்தது. ஆசிரியப் பணி அருட்பணி என்று புகழ்ந்துரைத்துவிட்டு ஊதியத்தைக் குறைக்கும் வழக்கம் அச்சங்கத் தந்தையரிடம் இல்லை.

அந்த மண்ணில்தான் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. 1256-இல் பாரீசில் தூய தோமா அக்குவினார் பேராசிரியப் பொறுப்பேற்றார். துறவியர் பேராசிரியர் ஆவதை மறைமாவட்டக் குருக்களான ஆசிரியர் பலர் கடுமையாக எதிர்த்த காலம் அது. விதிப்படி இருக்க வேண்டிய 35 வயது அவருக்கு இன்னும் நிரம்பவில்லை. திருத்தந்தை நான்காம் அலெக்சாண்டரின் தலையீடு தேவைப்பட்டது. இவ்வளவு போராட்டத்துக்குப் பின் கிடைத்த அவ்விருக்கையில் அவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார்? மூன்றே ஆண்டுகள். 1259-இல் இத்தாலிக்குச் சென்றார். 1268-இல் மீண்டும் பாரீசுக்கு அழைக்கப்பட்டார். 1272-இல் மீண்டும் அகன்றார். ஓர் இருக்கையில் ஒருவரே நிலைத்துவிடாமல் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றுவது தோமினிக்கன் சபையின் வழக்கம்.

அப்படியானால் திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநரும் ஒரு தற்காலிக ஆசிரியரே அல்லரோ? ஆம், தற்காலிக ஆசிரியரே. ஆனால் நம் அமராவதிபுதூர் இளைஞருக்கும் அவருக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பாரீசின் இருக்கை மூன்றாண்டுக்கானது. மடத்தின் உணவறையோ வாழ்நாளுக்கானது. பணி மாறியது, பந்தி மாறவில்லை. நேப்பிள்சில் அவர் கற்பித்தபோது அந்நாட்டு மன்னர் சார்லசு மாதம் ஓர் அவுன்சு பொன் வழங்க ஆணையிட்டார். அது சென்று சேர்ந்தது அவர் வாழ்ந்த மடத்திற்கு. தோமாவைத் தாங்கியது ஒரு குடும்பம். தோமா ஈட்டியதும் அக்குடும்பத்திற்கே.

நம் காலத்துக்கு அண்மையிலும் இதே காட்சியைக் காண்கிறோம். 1954-இல் போலந்து நாட்டின் பொதுவுடைமை அரசு கிராக்கோ யாகெல்லோனியப் பல்கலைக்கழகத்தின் இறையியல் புலத்தை மூடியது. அங்குக் கற்பித்து வந்த இளங்குரு ஒருவர் அவ்வாண்டே லூப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அறவியல் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் அவருக்கு அங்கு நிலையான பதவி இல்லை. கிராக்கோவிலிருந்து இரவு நேரத் தொடர்வண்டியில் பயணம் செய்து வகுப்பெடுத்துத் திரும்புவார். 1956-இல் அறவியல் துறையின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவரே 1978-இல் திருத்தந்தையான இரண்டாம் யோவான் பவுல். தற்காலிக மெய்யியல் ஆசிரியர் ஒருவர் பேதுருவின் இருக்கையில் அமர்ந்தார் என்று நாம் பெருமையுடன் கூறலாம். ஆனால் இங்கும் அதே உண்மை: அவர் குரு. லூப்ளினில் பதவி உறுதிப்படாத நாட்களிலும் கிராக்கோ மறைமாவட்டம் அவருக்கு வீடாக இருந்தது.

அத்தகைய வீடு இல்லாதவரின் கதை எப்படியிருக்கும்? அதற்குக் கோனிக்சுபர்க்கு நகரத்து இம்மானுவேல் காண்டைப் பார்க்க வேண்டும். 1755 முதல் 1770 வரை பதினைந்து ஆண்டுகள் அவர் பல்கலைக்கழகத்தின் ஊதியம் இன்றிக் கற்பித்தார். வகுப்புக்கு வரும் மாணவர் தரும் கட்டணமே வருவாய். மாணவர் குறைந்தால் உணவு குறையும். ஆகவே அளவையியல், மீமெய்யியல், கணிதம், இயற்பியல், புவியியல் என்று எது கேட்டாலும் கற்பித்தார். 1758-இல் காலியான பேராசிரியர் பதவி மற்றொருவருக்குச் சென்றது. 1766-இல் அரண்மனை நூலகத்தில் துணை நூலகராகச் சேர்ந்தார். ஆண்டு ஊதியம் 62 தாலர். நாற்பத்தாறாம் வயதில்தான் 1770-இல் அளவையியல், மீமெய்யியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

அதன் பின் நடந்தது நம் சிந்தனைக்கு உரியது. பதவி உறுதியான பின் காண்ட் பதினோராண்டுகள் பெரும்பாலும் மௌனமாக இருந்தார். குறிப்பிடத்தக்க நூல் எதையும் வெளியிடவில்லை. 1781-இல் அம்மௌனத்திலிருந்து வெளிவந்ததே ‘தூய அறிவின் ஆய்வு’ என்னும் பெருநூல். அவர் முடிவுகளோடு நம் திருச்சபையின் மெய்யியலாளர் பலர் உடன்படவில்லை. எனினும் அவரை எதிர்ப்போரும் அவரைக் கடந்து செல்ல இயலாது. பதினோராண்டு மௌனத்தைப் பொறுத்துக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் உலகுக்கு அளித்த கொடை அது. ஆண்டுதோறும் ஏப்ரலில் முடிந்து சூனில் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டிய ஆசிரியர் ஒருவர் பதினோராண்டுகள் மௌனமாகச் சிந்திக்க முடியுமா? பதினோரு வாரங்கள் முடியுமா?

*

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஆசிரியரைத் தாங்கும் அறத்தைச் செட்டிநாட்டு மண்ணுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. முதல் அழியாமல் வட்டியில் அறம் செய்வது இங்குள்ள வணிகக் குடியினர் கணக்கேட்டிலேயே வாழும் மரபு. கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் பெயரால் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது. கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை அமைய ஓர் இலட்ச ரூபாயை அறக்கட்டளையாக வழங்கினார். அவ்விருக்கையில் முதலில் அமர்ந்தவர் மு. இராகவையங்கார், காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் 1878-இல் பிறந்தவர். ஓரூர்ச் செல்வம் பக்கத்து ஊர் அறிஞரை மலைநாட்டில் தாங்கியது.

அதே அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரியைத் தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் இங்கு அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948 சூலையில் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று அந்த ஆய்வகத்தைத் திறந்துவைக்க வந்தவர் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருட்டிணன்.

அன்று காரைக்குடிக்கு வந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். திருத்தணியில் பிறந்தவர், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர், 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரி மெய்யியல் துறையில் இளம் ஆசிரியராகச் சேர்ந்தவர். 1918-இல் மைசூரில் பேராசிரியர் பதவி; 1921-இல் கல்கத்தாவில் ஐந்தாம் சார்சு மன்னர் பெயரால் அமைந்த இருக்கை; 1936-இல் ஆக்சுபோர்டில் சுபால்டிங் பெயரால் அமைந்த இருக்கை. படிப்படியாக அவர் ஏறிய ஏணியின் மேற்படிகள், எவரோ ஒருவர் முன்யோசனையுடன் முதலை ஒதுக்கி ஏற்படுத்திய இருக்கைகள். அந்தப் படிகள் இல்லையெனில் அந்த ஏற்றமும் இல்லை. அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5-ஐ ஆசிரியர் நாளாக நாடு கொண்டாடுகிறது. அந்நாளில் மாலையும் பொன்னாடையும் பெறும் மெய்யியல் ஆசிரியர் சிலருக்கு அவ்வாண்டுக் கல்விப் பருவம் முடிந்த பின் வேலை இருக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது.

*

இந்நிலை எவ்வாறு வந்தது? எவரோ ஒரு கொடியவர் திட்டமிட்டுச் செய்ததன்று. ஓய்வுபெற்றவரின் இடங்கள் நிரப்பப்படாமல் நீள்கின்றன. அரசின் உதவியின்றிச் சுயநிதியில் நடக்கும் பாடப்பிரிவுகள் பெருகின. அங்கு ஊதியம் மாணவர் கட்டணத்திலிருந்து வர வேண்டும். காண்டின் பதினைந்தாண்டுகள் புதிய உருவில் திரும்பின. மெய்யியலுக்கோ மாணவர் சேர்க்கை குறைவு. சென்னை விவேகானந்தா கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி போன்ற சிலவே தமிழகத்தில் இத்துறையைப் பேணி வந்துள்ளன. ஏனைய இடங்களில் விழுமியக் கல்வி, அறவியல் என்று வாரத்துக்குச் சில மணி நேரமே மெய்யியல் இடம் பெறுகிறது. சில மணி நேரத்துக்கு முழு ஆசிரியர் எதற்கு என்று நிருவாகம் வினவுகிறது. அக்கேள்வி முற்றிலும் தவறானது என்று நாம் கூற முடியாது.

தற்காலிக நியமனம் என்பதே பாவமன்று. ஆசிரியர் ஒருவர் நோயுற்றாலோ, மகப்பேற்று விடுப்பில் சென்றாலோ, அவ்விடத்தில் ஓராண்டுக்கு ஒருவரை அழைப்பது மாணவருக்குச் செய்யும் நன்மை. இளையவருக்கும் அது கற்பித்துப் பழகும் வாய்ப்பு. வெளியிலிருந்து ஓர் அறிஞரை ஒரு பருவத்துக்கு அழைப்பது கல்லூரிக்குப் பெருமை. தீமை எங்கே தொடங்குகிறது? ஓராண்டுத் தேவைக்கென வந்த ஏற்பாடு பத்தாண்டு வழக்கமாகும்போது தொடங்குகிறது. தேவை நிலையானதாகவும் தேவையை நிறைவேற்றும் மனிதர் மட்டும் தற்காலிகமானவராகவும் ஆகும்போது தொடங்குகிறது.

சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த நெறிமுறைகள், ஒப்பந்த ஆசிரியரை இன்றியமையாத நிலையில் மட்டுமே நியமிக்க வேண்டும் என்றும், அவர்கள் எண்ணிக்கை மொத்த ஆசிரியப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும், அவர்தம் ஊதியம் நிலையான உதவிப் பேராசிரியரின் ஊதியத்துக்குக் குறையலாகாது என்றும் கூறின. அழைப்பு விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்ச அளவாக 50,000 ரூபாய் என்று அதே குழு 2019-இல் வரையறுத்தது. நடைமுறையில் பலருக்கு அதில் பாதியும் எட்டுவதில்லை. 2025 ஆகத்தில் குசராத்து மாநில ஒப்பந்த உதவிப் பேராசிரியர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆசிரியரைத் தெய்வத்துக்கு நிகராகப் போற்றும் சுலோகத்தை விழா மேடைகளில் ஓதிவிட்டு, அவர்களை இவ்வாறு நடத்துவது பொருந்தாது என்று நீதியரசர் சுட்டிக்காட்டினர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள இந்தப் பிளவை நீதிமன்றம் சுட்டிக்காட்ட வேண்டியதாயிற்று என்பது ஆசிரியரைத் தெய்வமாக்கிய சமுதாயத்துக்குப் பெருமையன்று.

*

இதுவரை அரசையும் நிருவாகங்களையும் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

மெய்யியல் தேவையில்லை என்று சொல்லும் உரிமை கத்தோலிக்கருக்கு இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், குருத்துவ மாணவர் இறையியலோடு இரண்டு முழு ஆண்டுகளுக்கு நிகராக மெய்யியலும் கற்க வேண்டும் என்று விதிக்கிறது. 1879-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தூய தோமாவின் மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் மீண்டும் நிலைநிறுத்தச் சுற்றுமடல் வரைந்தார். 1893-இல் கண்டியில் அவர் ஏற்படுத்திய குருமடத்திலும், 1895-இல் கொடைக்கானல் மலைச்சாரலின் செண்பகனூரில் இயேசு சபையார் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியிலும் நம் மண்ணின் மைந்தர் தலைமுறை தலைமுறையாக மெய்யியல் பயின்றனர்.

அதே திருத்தந்தைதான் 1891-இல் தொழிலாளர் நிலை குறித்த சுற்றுமடலையும் வரைந்தார். தொழிலாளி வறுமையால் உடன்பட்டுவிட்டார் என்பதாலேயே குறைந்த கூலி நியாயமாகிவிடாது; சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவுக்கேனும் ஊதியம் இருக்க வேண்டும் என்பது அவர் போதனை. தோமாவின் மெய்யியலைப் போற்றிய கையும் தொழிலாளியின் கூலிக்காக வாதாடிய கையும் ஒரே கை. இவ்விரு மடல்களையும் நாம் தனித்தனி அலமாரிகளில் வைத்துப் பூட்டிவிட்டோமோ என்று அஞ்சுகிறோம். 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, சிங்கராயர் என்னும் பெயரை அந்த 1891-ஆம் ஆண்டு மடலை நினைவுகூர்ந்தே ஏற்றதாகக் கூறினார். லூப்ளினுக்கு இரவு வண்டியில் பயணம் செய்த அந்த ஆசிரியரும் திருத்தந்தையான பின் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில், ஒரு சமூகப் பொருளாதார அமைப்பு நீதியானதா என்பதை அதன் ஊதிய முறையைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார்.

இந்த அளவுகோலை நம் சொந்த வாயிலில் வைத்து அளக்கத் துணிவோமா? நம் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணியாற்றும் தற்காலிக ஆசிரியர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் மே மாதத்தில் ஊதியமின்றி இருக்கின்றனர்? துறவற இல்லத்தின் பந்தி துறவியரைத் தாங்குகிறது, அது நன்று. ஆனால் அதே ஊதியத்துக்கு, மனைவி மக்களைக் காக்க வேண்டிய பொதுநிலை ஆசிரியரை அமர்த்தும்போது, தோமாவுக்கு இருந்த உணவறை அவருக்கு எங்கே இருக்கிறது? பொதுநிலையினர் மெய்யியலும் இறையியலும் கற்க முன்வர வேண்டும் என்று மேடைதோறும் கேட்கிறோம். கற்றபின் அவர்கள் எங்கே அமர்வார்கள் என்பதை எண்ணியிருக்கிறோமா?

பழியை ஆயரகத்தின் மீதும் தாளாளர் மீதும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. நம் பிள்ளை மெய்யியல் படிக்க விரும்பினால் முதலில் தடுப்பவர் நாமே. திருவிழாவுக்கும் தேருக்கும் கொடிமரத்துக்கும் நாம் மனமுவந்து வாரி வழங்குகிறோம். அந்தப் பக்தியைக் குறை கூறவில்லை. பங்கு மக்கள் பலர் சேர்ந்து ஒரு முதலைத் திரட்டி, அதன் வட்டியில் ஒரு கல்லூரியின் மெய்யியல் ஆசிரியர் ஒருவருக்கேனும் கோடை மாதங்களின் ஊதியத்தையாவது அளிப்பதை எவரேனும் முயன்றிருக்கிறோமா? எண்ணாயிரத்துச் சபையாருக்கு இயன்றது நமக்கு இயலாதா? அன்று சிலருக்கே திறந்த வாயிலை இன்று எல்லாருக்கும் திறந்து வைத்துக்கொண்டு, நிலத்தின் உறுதியை மட்டும் அவர்களிடமிருந்து கற்கலாகாதா?

திராட்சைத் தோட்ட உவமையை நாம் அறிவோம். பதினோராம் மணி வேளையிலும் சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. தோட்ட உரிமையாளர் அவர்கள் உழைத்த மணிகளை எண்ணிப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒரு நாள் வாழ ஒரு மனிதருக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார். மணிக்கணக்கில் ஊதியம் அளக்கும் நம் ஆணைகளை அவ்வுரிமையாளர் முன் நீட்டினால் அவர் என்ன சொல்வார்?

கோடையில் இப்பகுதிச் சிற்றூர்களுக்குத் தண்ணீர் லாரி வருவதுண்டு. வந்தால் மகிழ்ச்சி, குடங்கள் நிரம்பும். ஆனால் லாரி வருகிறது என்பதற்காக ஊருணியைத் தூர்த்துவிடும் ஊர் அறிவுள்ள ஊராகுமா? ஊருணிக்கு வரத்துக்கால் வேண்டும், கரை வேண்டும், ஆண்டுதோறும் தூரெடுக்க ஊரார் கைகள் வேண்டும். அறிவும் அவ்வாறே.

அந்த இளைஞரை அண்மையில் மீண்டும் அதே நிறுத்தத்தில் கண்டோம். ஏப்ரல் முடிந்திருந்தது. தோளில் தொங்கிய பையில் அடுத்த விண்ணப்பம் இருந்தது. கசப்பு ஏதும் அவர் பேச்சில் இல்லை. “மாணவர் நன்றாகக் கேள்வி கேட்டார்கள், ஐயா. ஒரு பெண் பிள்ளை, நீதி என்றால் என்னவென்று பாடம் முடிந்த பின்னும் விடாமல் கேட்டாள். சூனில் வந்து சொல்கிறேன் என்றேன்” என்றார்.

சூனில் அவர் அங்கே இருப்பாரா என்பது அவருக்குத் தெரியாது. அந்த மாணவியின் வினாவோ அங்கேயே காத்திருக்கும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர் மட்டும்தானா?